சுருக்குப் பையும் சூத்திரமும்

‘சுருக்கமாகச் சொல்லுங்கள்’ என்று பிறரைக் கேட்டுக்கொள்வோர் பலர். அலுவலகத்தில் மேலதிகாரி கேட்கிறார்; வழக்குமன்றத்தில் நீதிபதி கேட்கிறார்; வானொலி நிலையத்திலோ, கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தை நோக்கியவாறு நிற்பவர் வாயால் கேளாமல் கையால் கேட்கிறார். ஆயினும், சுருக்கம் என்னும் அச்சொல் எதனடியாகப் பிறந்தது, அதன் உட்பொருள் யாது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஒரு கருத்தைக் குறிக்க வழங்கும் சொற்களை ஒருங்கே வைத்து நோக்கினால், அக்கருத்தை முன்னோர் எவ்வாறு கண்டனர் என்பது ஒருவாறு விளங்கும். சொற்சுருக்கத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களையும், தமிழர் சென்று வாழும் பிற மாநிலங்களில் அவர்தம் காதில் நாள்தோறும் விழும் சொற்களையும் அவ்வாறு நோக்குவோம்.

சுருங்கு என்பது தன்வினை. சுருக்கு என்பது பிறவினை. சுரி, சுருள், சுருட்டு என்னும் சொற்களும் இவற்றோடு உறவு பூண்டனவாகவே தோன்றுகின்றன. இச்சொல்லின் பொருளை அகராதியில் தேடுவதினும், நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையில் தேடுவது எளிது. வெற்றிலையும் பாக்கும், சில்லறைக் காசும், பெட்டிச் சாவியும், எப்போதோ கோயிலில் கொடுத்த திருநீற்றுப் பொட்டலமும் அதனுள் அடங்கியிருக்கும். கயிற்றைப் பற்றி இழுத்தால் வாய் சுருங்கும். பை கைக்குள் அடங்கும். உள்ளே இருந்த காசில் ஒன்றும் குறைவதில்லை. கயிற்றைத் தளர்த்தினால் வைத்தவை எல்லாம் வைத்தபடியே வெளிவரும். சுருக்கம் என்னும் சொல்லின் உயிர் இதுதான். வடிவம் ஒடுங்குகிறது, பொருள் ஒடுங்குவதில்லை. வேண்டும்போது மீட்டும் விரியக்கூடியதே சுருக்கம்.

குறைத்தல் என்பது வேறு. பையைச் சிறியதாக்க வேண்டி உள்ளிருக்கும் காசை எடுத்து எறிந்துவிட்டால் அது குறைத்தல். இவ்விரண்டையும் நாம் இன்று பேச்சில் ஒன்றாகவே வழங்கிவிடுகிறோம். பழைய இலக்கண ஆசிரியர்கள் அவ்வாறு செய்யவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் தலைவன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றியது நன்னூல். அதன் பாயிரத்தில், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும், வேண்டிய அழகுகள் பத்து என்றும் வகுக்கப்பட்டுள்ளன. அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். மேற்போக்காகப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். இரண்டிலும் சொற்கள் சிலவாகவே இருக்கும். ஆனால் ஒன்று அழகுகளுக்குத் தலைமை தாங்குகிறது; மற்றொன்று குற்றங்களுக்குத் தலைமை தாங்குகிறது! சொல்ல வேண்டிய பொருளுக்குச் சொற்கள் போதாமற் போனால் அது குன்றக் கூறல். பொருள் முற்றும் அடங்கச் சொற்கள் மட்டும் சிலவானால் அது சுருங்கச் சொல்லல். குன்றக் கூறலை அடுத்தே மிகைபடக் கூறல் என்னும் குற்றமும், சுருங்கச் சொல்லலை அடுத்தே விளங்க வைத்தல் என்னும் அழகும் நிற்கின்றன. இந்த வரிசையைத் தற்செயலாக அமைந்தது என்று கொள்ள மனம் ஒப்பவில்லை. சுருங்கச் சொல்லிவிட்டேன் என்று மகிழும் ஆசிரியனைப் பார்த்து, ‘விளங்குகிறதா?’ என்று அடுத்த சொல்லே கேட்பதுபோல் இருக்கிறது.

சுருக்கம் விரியக்கூடியது என்னும் கருத்து இலக்கணத்தில் தொகை என்னும் சொல்லில் இன்னும் தெளிவாக விளங்கும். தொகு என்றால் ஒன்றுசேர் என்று பொருள். பல பாடல்களைச் சேர்த்தது எட்டுத்தொகை. பல காசுகளைச் சேர்த்ததும் தொகைதான். அதே சொல், இரண்டு சொற்களுக்கிடையே நிற்க வேண்டிய உருபு மறைந்து அவை நெருங்கி நிற்றலையும் குறிக்கிறது. அதற்கு எதிர்ச்சொல் விரி. இவற்றுள் வினைத்தொகை மிக வியப்புடையது. ஊறுகாய் என்கிறோம். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் அந்த ஒரு சொல்லில் ஒடுங்கியிருக்கின்றன. தில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழர் வீட்டில், ஊரிலிருந்து வந்த ஊறுகாய்ச் சாடியைத் திறக்கும்போது இந்த இலக்கணம் நினைவுக்கு வருவதில்லை. வர வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் நேற்று ஊறியதும், இன்று ஊறிக்கொண்டிருப்பதும், அடுத்த மாதம் வரை ஊறப்போவதும் ஆகிய காய் ஒன்றேயாதலின், அதற்குக் காலம் காட்டாத பெயரே உண்மையான பெயர். வேறு எப்படிச் சொன்னாலும் மூன்றில் இரண்டு காலம் விடுபட்டுப் போகும்.

இனி, குறு என்னும் அடியைக் காண்போம். குறுமை, குறுகு, குறுக்கு, குறில் என்று இதன் கிளைகள் பல. நான்கடி முதல் எட்டடி வரையுள்ள அகப்பாடல்களின் தொகுதி குறுந்தொகை. பதின்மூன்றடி முதல் முப்பத்தோரடி வரை செல்லும் அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்றும் பெயருண்டு. இக்குடும்பத்தில் உலகம் அறிந்த பிள்ளை குறள். குறள் என்றால் குறுகிய வடிவம். வாமனனுக்கும் அப்பெயர் வழங்கும். முதலடியில் நான்கு சீரும் இரண்டாமடியில் மூன்று சீருமாக ஏழு சீரில் முடிந்துவிடுவது குறள் வெண்பா. திருக்குறளைப் புகழ எழுந்த திருவள்ளுவமாலையில் ஒரு புலவர் இந்த இரண்டு பொருளையும் இணைத்துவிடுகிறார். திருமால் குறள் வடிவில் வந்து இரண்டு அடியால் உலகை அளந்தான். வள்ளுவரும் குறளின் இரண்டு அடியால் உலகத்தார் உள்ளத்தை அளந்தார் என்பது அவர் கருத்து. கடுகைத் துளைத்து அதனுள் ஏழு கடலையும் புகுத்தியது போன்றது என்று அந்நூலிலேயே இன்னொரு பாடல் வியக்கிறது.

வடக்கே வாழும் நேயர்களுக்கு இந்தக் கடல் வேறொரு கலத்தில் அறிமுகமாகியிருக்கும். இந்தியில், சில சொற்களில் பெரும்பொருளை அடக்கிவிட்டவரை ‘காகர் மே சாகர்’ நிரப்பியவர் என்பர். காகர் என்பது குடம். சாகர் என்பது கடல். பதினேழாம் நூற்றாண்டில் ஜயசிங் மன்னரின் அவையில் விளங்கிய பிகாரிலால் என்னும் கவிஞரின் ‘சத்சயி’ப் பாடல்களைப் பற்றிப் பேசும்போது இவ்வழக்கு தவறாமல் வந்துவிடும். அவர் கையாண்ட தோகா என்னும் பாவும் இரண்டே அடி உடையது. அடிக்கு 24 மாத்திரை. தெற்கே கடல் கடுகில் புகுந்தது. வடக்கே குடத்தில் புகுந்தது. கடுகு குடத்தினும் சிறிது என்று நாம் பெருமை கொள்ளலாம். குடமாவது கைக்கு எட்டும் அளவினது என்று அவர்கள் விடை சொல்லலாம்.

குறளும் தோகாவும் கவிஞர் கையில் சுருங்கியவை. அறிவு நூல்களில் சுருக்கத்தைப் பேணியவர்கள் அதற்கு இட்ட பெயர் சூத்திரம். வடமொழியில் தைத்தல் என்னும் பொருளுடைய வினையடியாக இச்சொல் பிறந்தது என்பர். அதன் நேர்ப்பொருள் நூலிழை. மணிகளைக் கோத்து நிறுத்தும் இழைபோல, கருத்துகளைக் கோத்து நிறுத்துவது சூத்திரம். தமிழிலும் நூல் என்னும் சொல் பஞ்சில் நூற்ற இழையையும் புலவர் இயற்றிய ஏட்டையும் ஒருங்கே குறிக்கிறது. சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகம் செய்து நன்னூலார் இதற்கு விளக்கம் தருகிறார். தச்சன் நூலடித்து மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல் மனத்தின் கோணலைத் தீர்ப்பது என்றும் இன்னொரு காரணம் காட்டுகிறார். சூத்திரத்துக்கு அவர் சொல்லும் உவமை இவற்றினும் அழகியது. சிறிய கண்ணாடியில் பெரிய உருவம் தெளிவாகத் தோன்றுவதுபோல், சில எழுத்தில் பல பொருள் செவ்வையாகத் தோன்ற வேண்டுமாம். கண்ணாடி பெரிய உருவத்தின் கையையோ காலையோ வெட்டிவிட்டுக் காட்டுவதில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

சூத்திரக் கலையை அதன் எல்லைக்கே கொண்டு சென்றவர் பாணினி. வடமொழி இலக்கணம் முழுவதையும் எட்டு அத்தியாயங்களில், ஏறத்தாழ 4,000 சூத்திரங்களில் அவர் அடக்கினார். எழுத்துகளை ஒரு தனி முறையில் வரிசைப்படுத்திக்கொண்டு, உயிரெழுத்துகள் அனைத்தையும் ‘அச்’ என்றும், மெய்யெழுத்துகள் அனைத்தையும் ‘ஹல்’ என்றும் ஒவ்வோர் அசையில் குறித்தார். அவர் வழிவந்த இலக்கணிகள், ஒரு சூத்திரத்தில் அரை மாத்திரை மிச்சப்பட்டாலும் ஆண்மகவு பிறந்ததுபோல் விழாக் கொண்டாடுவர் என்று ஒரு வழக்கு உண்டு. அரை மாத்திரை என்பது நம் கணக்கில் ஒரு புள்ளியெழுத்தின் ஒலியளவு. அந்தச் சிக்கனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் லாகவம். லகு என்றால் பளுவற்றது. லாகவம் என்றால் பளுவற்ற தன்மை. இச்சொல் தமிழுக்கு வந்தபோது கைத்திறம் என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது. தையற்காரர் லாகவமாக ஊசி கோக்கிறார் என்கிறோம். இலக்கணி எழுத்தை மிச்சப்படுத்தியதும், தையற்காரர் கையசைவை மிச்சப்படுத்துவதும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தது, சூத்திரத்தின் பழம்பொருளான இழையை அறிந்தவர்க்குச் சற்றே புன்னகை தருவது.

இவ்வளவு சுருக்கிய சூத்திரங்கள் தனித்து நின்று பொருள் தந்தனவா? தரவில்லை. ஆசிரியன் மாணவனுக்கு நேரே விரித்துச் சொல்லும் முறையை நம்பியே அவை எழுந்தன. பாணினிக்குப் பதஞ்சலியின் பேருரையாகிய மகாபாஷ்யம் வேண்டியிருந்தது. தமிழில் இறையனார் அகப்பொருள் அறுபதே சூத்திரங்கள். அதற்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரையோ மிக விரிந்தது. தொல்காப்பியத்தின் ஏறத்தாழ 1,600 சூத்திரங்களுக்கு இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர் என்று உரையாசிரியர்கள் வழிவழியாக வந்தனர். சூத்திரமும் உரையும், இழுத்துக் கட்டிய பையும் அவிழ்த்த பையும் போன்றவை. உரை சொல்வார் அற்றுப்போன சூத்திரம், கயிறு முடிச்சு விழுந்துவிட்ட பையாகிவிடும்.

அண்டை மொழிகளுக்குச் செல்வோம். கேரளத்தில் வாழும் நேயர்களுக்குத் தொல்லையே இல்லை. மலையாளத்திலும் சுருக்கம் சுருக்கம்தான். கன்னடத்தில் சங்க்ஷிப்தம் என்பதோடு சுடுகு என்பதும் வழங்கும். நாலடியில் முடியும் குறும்பாடலுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அதன் முதலெழுத்தை அவர்கள் அழுத்தி ஒலிப்பர். தெலுங்கர் ‘க்லுப்தங்கா’ என்பர். வடமொழியில் ஒழுங்குபட அமைக்கப்பட்டது என்று பொருள்படும் சொல் அது. தெலுங்கில் சுருக்கமானது என்று பொருள் கொண்டது. ஒழுங்குபட அமைத்தாலே பாதிச் சொற்கள் தாமே உதிர்ந்துவிடும் என்பதைப் பேசுவோரும் எழுதுவோரும் அனுபவத்தில் அறிவர். இந்தி, மராத்தி, வங்காளம் ஆகிய மொழிகளில் ஒலி சிறிது மாறி வழங்கும் சங்க்ஷேபம் என்பதற்கு, ஒருங்கே எறிதல் என்பது வேர்ப்பொருள். பரந்து கிடப்பவற்றை ஒரே மூலையில் வீசிக் குவிப்பதுபோல என்க. இரயிலுக்கு நேரமாகும்போது நாம் பெட்டி கட்டும் முறை ஏறத்தாழ இதுவே. அதன் தங்கையாகிய சங்கிரகம், ஒருங்கே பற்றுதல் என்னும் பொருளது. எறிவதைவிடப் பற்றுவது நயமாக இருக்கிறது.

தில்லி, இலட்சுமணபுரி, ஐதராபாத் ஆகிய நகரங்களில் உருது பேசுவோர் வாயில் ‘முக்தசர்’ என்னும் சொல்லைக் கேட்கலாம். அரபு மொழியிலிருந்து வந்த இச்சொல்லின் வேரிலிருந்தே இடுப்பைக் குறிக்கும் சொல்லும் அம்மொழியில் அமைந்திருக்கிறது. உடம்பில் ஒடுங்கிய பகுதி இடுப்பு. சிற்றிடையைப் பாடிச் சலியாத தமிழ்ப் புலவர்கள் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். இன்னும் ஒரு வியப்பு உண்டு. ஆங்கிலத்தில் சுருக்கமான பேச்சைக் குறிக்கும் ‘சக்சிங்ட்’ என்னும் சொல்லும் இடுப்புக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. இலத்தீனில் அதன் பொருள், தொங்கும் ஆடையைத் தூக்கி இடுப்பில் வரிந்து கட்டிய நிலை. நீண்ட அங்கி அணிந்த உரோமானியர் விரைந்து நடக்கவும் வேலை செய்யவும் அவ்வாறு கட்டினர். வேட்டியை மடித்துக் கட்டும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மடித்துக் கட்டியவன் துணியைக் கிழித்துவிடவில்லை. வேலை முடிந்ததும் அவிழ்த்து விட்டுக்கொள்கிறான். ஆங்கிலத்தின் மற்றொரு சொல்லாகிய ‘கன்சைஸ்’ அப்படிப்பட்டதன்று. வெட்டுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அது வந்தது. நம்முடைய நறுக்கு என்பதற்கு அதை உறவாக்கலாம். நறுக்கென்று நாலு சொல் கேட்டுவிட்டான் என்று நாம் சொல்லும்போது, அச்சொற்கள் சிலவாயிருந்தன என்பதோடு, கேட்டவர் மனத்தில் அவை வெட்டாக விழுந்தன என்பதும் அடங்கும். பாராட்டுரையை நறுக்கென்று சொன்னதாக யாரும் கூறுவதில்லை.

ஊர்ப்பெயரே சுருக்கத்துக்குப் பெயரானதும் உண்டு. கிரேக்க நாட்டின் தெற்கே லகோனியா என்பது ஒரு நிலப்பகுதி. அதன் தலைநகர் ஸ்பார்ட்டா. அந்நகரத்தார் போர்ப் பயிற்சியில் பெயர் பெற்றதுபோலவே சொற்செட்டிலும் பெயர் பெற்றனர். அதனால் சில சொல்லில் பேசுவதை ஆங்கிலத்தில் ‘லகானிக்’ என்பர். வளவளத்தலைக் குறித்துப் புளூட்டார்க் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. மாசிடோனியாவின் பிலிப்பு மன்னன், தான் லகோனியாவுக்குள் புகுந்தால் அவர்களை அங்கிருந்தே துரத்திவிடுவதாக எழுதி அனுப்பினான். அவர்கள் எழுதிய மறுமொழி ஒரே சொல். அவன் ஓலையிலிருந்த ஐயத்தைக் காட்டும் சொல்லை மட்டும் எடுத்துத் திருப்பி அனுப்பினர். தமிழில் இதைப் பெயர்க்க முயல்வோர்க்கு ஓர் இடர் உண்டு. நம் மொழியில் அந்த ஐயம் ‘ஆல்’ என்னும் ஈற்றில் இருக்கிறது. அது தனித்து நில்லாது. ‘புகுந்தால்’ என்று வினையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழன் மறுமொழி கிரேக்கனுடையதைவிடச் சிறிது நீளமாக இருந்திருக்கும்; கேட்ட மன்னனுக்கு அதனால் ஆறுதல் ஒன்றும் கிடைத்திராது.

சுருக்கம், லாகவம், சங்க்ஷேபம் என்னும் இவையெல்லாம் பேச்சின் வடிவைப் பற்றியவை. பேசுபவனைப் பற்றிய சொல் ஒன்றும் உண்டு, அது மிதபாஷி. மிதம் என்பதற்குச் சிறிது என்று பலர் பொருள் கொள்கின்றனர். அளக்கப்பட்டது என்பதே அதன் பொருள். காளிதாசர் இரகுவம்சத்தின் தொடக்கத்தில் அக்குலத்து அரசர்களை, வாய்மை தவறாமைப் பொருட்டு அளந்து பேசியவர்கள் என்று சிறப்பிக்கிறார். வால்மீகியின் காவியத்தில், அனுமனை முதன்முதலாகக் கண்ட இராமன், அவன் பேச்சில் அளவுக்கு மிஞ்சிய விரிவும் இல்லை, ஐயத்துக்கு இடமும் இல்லை என்று இலக்குவனிடம் வியந்து கூறுகிறான். கம்பரோ அவ்வனுமனைச் சொல்லின் செல்வனாகவே ஆக்கிவிட்டார். இலங்கையிலிருந்து மீண்டு வந்து செய்தி சொல்லும் இடத்தில், கம்பரின் அனுமன் கண்டேன் என்னும் பொருள்தரும் வினையையே முதலில் வைக்கிறான். அதன்பின் அவன் சொல்லும் செய்தி குறுகியதன்று. பல பாடல்களுக்கு நீள்கிறது. எனினும் கேட்பவனின் உயிர் எந்தச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்ததோ அந்தச் சொல் முதலில் வந்துவிட்டது. ஒரு சொல் முன்வந்தமையால், பின்வந்த பல பாடல்களும் சுருக்கமாகவே தோன்றுகின்றன.

அனுமனை நினைத்தவுடன் தந்தியை நினைக்காமல் இருக்க முடியாது. சூத்திரத்தைப் போலவே தந்தி என்பதும் இழைதான். வீணை நரம்புக்கு வழங்கிய பெயர் உலோகக் கம்பிக்கு வந்து, கம்பி வழியாக வந்த செய்திக்கும் வந்தது. 1850களில் இந்நாட்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, 2013 ஜூலையில் நிறுத்தப்படும் வரை, தந்தி நம்மவர்க்குச் சுருக்கெழுத்து வகுப்பு நடத்தியது. சொல் ஒவ்வொன்றுக்கும் காசு. வணிக நிலையங்கள் தம் நீண்ட முகவரிக்கு மாற்றாக ஒற்றைச் சொல்லைத் தந்தி முகவரியாகப் பதிவு செய்துகொண்டன. திருமணத்துக்கும் பண்டிகைக்கும் வாழ்த்து வாசகங்கள் முன்னரே எண்ணிட்டு அச்சிடப்பட்டிருந்தன; எண்ணை மட்டும் குறித்தால் போதும், வாசகம் உரியவரிடம் முழுமையாகச் சென்று சேரும். பாணினியின் ‘அச்’சுக்கும் ‘ஹல்’லுக்கும் இது ஏழை உறவினன்.

ஆனால் மும்பை மாதுங்காவிலோ தாராவியிலோ, தில்லி கரோல்பாகிலோ வாழ்ந்த தமிழருக்குத் தந்தி என்றால் வாழ்த்து நினைவுக்கு வருவதில்லை. ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்னும் நான்கு சொற்களே நினைவுக்கு வரும். தாய் நோயுற்றிருந்தாலும் அந்த நான்கு சொற்கள். தாய் மறைந்துவிட்டாலும், மகன் தனியே நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டுமே என்னும் இரக்கத்தால், பல வேளைகளில் அதே நான்கு சொற்கள். பெற்றவர் இரண்டு இரவும் ஒரு பகலும் இரயிலில் அமர்ந்து அந்த நான்கு சொற்களுக்கு மாறி மாறி உரை எழுதிக்கொண்டு வந்தனர். உரையைச் சரிபார்க்க ஆசிரியர் அருகில் இல்லை. விரித்துப் பார்க்க இயலாத இச்சுருக்கத்தை நன்னூலார் எந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார் என்பதில் ஐயமில்லை. அனுப்பியவர்களைக் குறை கூறுவதற்கும் இல்லை. அவர்கள் காசுக்காக மட்டும் குன்றக் கூறவில்லை.

இன்று தந்தி இல்லை. குறுஞ்செய்தி இருக்கிறது. பெயரில் குறளின் குறு நின்றாலும், சொல்லுக்குக் காசு என்னும் கட்டு அதற்கு இல்லை. தொலைபேசியில் எவ்வளவு நேரமும் பேசலாம். சுருக்க வேண்டிய தேவை போன பின்னும் பிற மாநிலத் தமிழ் வீடுகளில் பேச்சு சுருங்கியே வருகிறது. ஊரில் இருக்கும் தாத்தா தொலைபேசியில் பத்துக் கேள்வி கேட்கிறார். பேரன் ‘ம்’ என்றும், ‘சரி’ என்றும், ‘நல்லா இருக்கேன்’ என்றும் மூன்று விடையில் முடித்துவிடுகிறான். ‘அளந்துதான் பேசுவான்’ என்று பெற்றோர் பெருமைப்படுவதும் உண்டு. அவன் அளந்து பேசுகிறானா, சொல் இல்லாமையால் நிறுத்திக்கொள்கிறானா என்று அறிய, தொகையையும் விரியையும் வகுத்த இலக்கணிகளின் முறையே போதும். பள்ளியில் நடந்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லியவனை, அதையே பத்து வாக்கியத்தில் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். சொல்லிவிட்டால் முன்னே சொன்னது சுருக்கம். மூன்றாம் வாக்கியத்தில் தடுமாறி இந்திக்கோ மராத்திக்கோ ஆங்கிலத்துக்கோ தாவிவிட்டால், பை சுருங்கியிருந்தது அல்ல, காலியாக இருந்தது என்பது தெரிந்துவிடும். தாவுவதும் குற்றமன்று; அந்த மொழியில் அவன் பை நிறைந்திருக்கக்கூடும். ஆயினும் தாத்தாவுக்கு அந்த மொழி தெரியாதே. அவனிடம் விரிந்த கதை இருக்கிறது, அவரிடம் கேட்க நேரம் இருக்கிறது, இடையே மூன்று சொற்கள் மட்டும் கிடக்கின்றன.

இத்தகைய வீடுகளில் சிலர் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிப் பேச்சில் பிள்ளைகள் விடை சொல்வதோடு நில்லாமல் கேள்வியும் கேட்க வேண்டும் என்பது அது. கேட்கப் புகுந்தால் சொல் தேவைப்படுகிறது. தேவைப்பட்டால் அருகில் இருக்கும் தாயிடமோ தந்தையிடமோ கேட்டுக்கொள்கின்றனர். தாத்தாவும், வந்த கேள்விக்கு விடையாக, சுருங்கச் சொல்லல் என்னும் அழகைச் சிறிதும் மதியாமல், 1971இல் வந்த வெள்ளத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்.

சுருக்கம் என்னும் சொல்லுக்கு நம் ஊர்ப்பக்கத்துப் பேச்சில் இன்னொரு பொருளும் உண்டு. ‘சுருக்க வா’ என்பர்; விரைந்து வா என்று பொருள். சொல்லைச் சுருக்கும் சொல் இங்கே காலத்தைச் சுருக்க வந்துவிட்டது. பை வாயைக் கயிறு இழுத்து நெருக்குவதுபோல, புறப்படும் நாளுக்கும் வந்து சேரும் நாளுக்கும் இடைப்பட்ட வெளியை நெருக்கச் சொல்கிறார்கள் போலும். அகராதியிலும் இப்பொருள் ஏறியிருக்கிறது. தொலைபேசியை வைக்கும் முன் ஊரிலிருந்து பெரும்பாலும் கடைசியாக வருவது இந்தத் தொடர்தான்.